எட்டாவது இரும்பு

உங்கள் அறிக்கையில் மரத்தின் பெயர் தப்பாக இருக்கிறது, மேடம். மூன்றாம் பக்கத்தில் தேக்கு என்று டைப் அடித்திருக்கிறார்கள். அது புளி. தேக்கின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அது தேக்காக இருந்திருந்தால் அம்மாசி இன்றைக்கும் மன்னார்புரம் டீக்கடையில் நின்று சர்க்கரை இல்லாத டீ குடித்துக்கொண்டிருப்பார்.

கையெழுத்து மட்டும் போட்டால் போதும், விபத்து என்று ஃபைலை மூடிவிடலாம் என்றீர்கள். நான் கூடுதலாகத் தாள் கேட்டதும் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதினெட்டு வருஷம் ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவன் நான். தப்பான வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட எனக்கு வராது. மரத்தின் பெயர் சின்னத் தப்பு. ஒன்பதாம் பக்கத்தில் இருப்பது பெரிய தப்பு. அதைத் திருத்துவதற்கு முன்னால் மரம் அறுப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பொறுமையாகவே எழுதுகிறேன்.

மரம் என்பது மெல்லிய குழாய்களின் கட்டு. வைக்கோல் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு மறைவாக, யாரும் தொடாமல், நேராக வளர்ந்த மரத்தில் அந்தக் குழாய்கள் நேராக ஓடும். அறுத்தால் பலகையில் நேர்க்கோடுகள் இருக்கும். கதவுக்கும் கட்டிலுக்கும் அது போதும். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. சாலையோரத்தில் நின்ற கிழட்டு மரம் அப்படி அல்ல. லாரி இடித்திருக்கும், கிளை முறிந்திருக்கும், விளம்பரத் தகரம் அடித்திருப்பார்கள், கீழே குப்பை எரித்திருப்பார்கள். நமக்குக் காயம் ஆறுவது போல மரத்துக்கு ஆறுவதில்லை. காயத்தை அப்படியே உள்ளே வைத்து மூடிவிட்டு அதன் மேலே வளரும். மூடும்போது குழாய்கள் வளைந்து, சுருண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஓடும். அந்த இடத்தை அறுத்தால் சில குழாய்கள் நீளவாக்கில் வெட்டுப்படும், சில குறுக்குவாக்கில். ஒன்று வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், இன்னொன்று விழுங்கிவிடும். நீங்கள் ஓரடி தள்ளி நின்று பார்த்தால் பலகைக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருக்கும். பட்டுப்புடவையின் முந்தானையைத் திருப்பினால் நிறம் மாறுகிறதே, அதே விஷயம்தான். மில்லில் இதை ரேகை என்போம்.

ரேகை தானாக வெளியே வராது. கட்டையை எந்தப் பக்கம் வைத்து முதலில் அறுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கம் வைத்தால் ஆற்று மணலில் காற்று போட்ட வரிகளைப் போல வரும். கால் வட்டம் உருட்டி வைத்தால் அதே கட்டையில் வெறும் கோடுகள். அறுத்த பிறகு யோசித்துப் பயனில்லை.

நசுருதீன் பாயின் மில்லில் பதினோரு வருஷமாக அந்த முடிவை எடுத்தவன் நான். பாய் மரம் வாங்குவார். நான் கட்டையைப் பார்த்துக் கோடு போடுவேன். அம்மாசி அறுப்பார். ஐ.டி.ஐ. வேலையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பாலம் தாண்டி ஒரு மர மில்லுக்குப் போகிறேன் என்று சித்திரை வீதியில் எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அவர்கள் யாரும் ஒரு கிழட்டுக் கட்டை இரண்டாகப் பிரிந்து, உள்ளே இருப்பது முதன்முதலாக வெளிச்சத்தைப் பார்ப்பதைப் பார்த்ததில்லை. அதைப் பார்த்தவன் பென்ஷனைப் பற்றிப் பேச மாட்டான்.

மில்லில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாயின் அப்பா காலத்தில் ஏற்பட்டது. சோதிக்கிறவன் மெஷினைத் தொடக் கூடாது, மெஷினைத் தொடுகிறவன் சோதிக்கக் கூடாது. பழைய கட்டைக்குள் ஆணி, கம்பி, சங்கிலி, துப்பாக்கி ரவைகூட இருக்கும். பேண்ட்சா என்கிற நாடா ரம்பத்தில் ஓடுகிற பிளேடு அதில் பட்டால் அறுந்துவிடும். அறுக்கிறவனுக்கு எப்போதும் அவசரம். அவனையே சோதிக்கச் சொன்னால் இரும்பு இல்லை என்று தன்னைத் தானே நம்பவைத்துக்கொள்வான். அதனால் நான் மெட்டல் டிடெக்டரால் தேடி, இரும்பு இருக்கும் இடத்தில் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போடுவேன். உள்ளே எவ்வளவு ஆழம் என்று பக்கத்தில் எழுதுவேன். சிவப்பு இல்லாத இடம் சுத்தமான இடம். அம்மாசி ஒருநாளும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. பதினோரு வருஷத்தில் நான் விட்ட ஆணி ஒன்றுகூட இல்லை. இதை நீங்கள் பாயிடமே விசாரிக்கலாம்.

இனி அந்தப் புளி. கரூர் சாலையை அகலப்படுத்தியபோது ஜீயபுரத்துக்குப் பக்கத்தில் விழுந்த மரம். அடி குறுக்களவு நாலரை அடிக்கு மேல். புளியின் வைரம் செக்குக்கும் உலக்கைக்கும் ஆகிற மரம். தண்ணீரில் போட்டால் மிதக்காது. அதன் மேல் முழுக்க முண்டும் முடிச்சுமாக, ஒரு பக்கம் மட்டும் வீங்கி, முறுக்கிப் பிழிந்த துணியைப் போலக் கிடந்தது. டிரெய்லரிலிருந்து கிரேன் அதை இறக்கியபோது நான் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அம்மாசி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வாத்தியாரே, இது எங்க ஊரு காத்தான் மரம்."

காத்தான் கோயில் அந்த மரத்தடியில்தான் இருந்தது. சாலைக்காகக் கோயிலை நகர்த்திவிட்டார்கள். பித்துப் பிடித்தது, பேய் பிடித்தது என்று யாரையாவது அங்கே கூட்டி வந்தால், பூசாரி உடுக்கை அடித்து, அவர்களின் உச்சி முடியை ஓர் ஆணியில் சுற்றி மரத்தில் அடித்து, முடியை வெட்டி விடுவார். பிடித்தது மரத்தோடு தங்கிவிடும், ஆள் எழுந்து வீட்டுக்குப் போகலாம். வீங்கியிருந்த பக்கம் கோயிலைப் பார்த்த பக்கம். ஆணிகள் எல்லாம் அதில்தான்.

"சந்திரா முடி இதுல இருக்கு" என்றார் அம்மாசி.

சந்திரம்மாள் அவருடைய மனைவி. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்திருக்கிறது. மூன்று மாதம் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. கடைசியில் காத்தானிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஆணி அடித்த அன்று சாயங்காலமே, "சோறு இருக்கா?" என்று கேட்டாளாம். அம்மாசி இதைச் சொன்னபோது லோடு இறக்கியவர்கள் எல்லாம் சும்மா நின்று கேட்டார்கள். நானும் கேட்டேன். பிறகு பொறுமையாக விளக்கினேன். ஆணிகளை ஒவ்வொன்றாகத் துளைபோட்டு எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுத்தா வெளிய வந்துடும்ல."

"என்ன வெளிய வரும்? இருபத்திநாலு வருஷம் ஆச்சு அம்மாசி. முடியே மக்கிப் போயிருக்கும்."

"மக்கட்டும். ஆணி இருக்குல்ல."

"கதவுல தாழ்ப்பாள் போட்டா காத்து நின்னுடுமா?"

"எங்க வீட்ல நின்னுடுது, வாத்தியாரே. உங்க வீட்ல நிக்கலன்னா தச்சன மாத்துங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உங்க மிசினு இரும்பத்தான் காட்டும்" என்றார் அவர், இப்போது சிரிக்காமல். "அதுல எதக் கட்டிப் போட்டிருக்குன்னு காட்டாது. அந்தப் பக்கத்த அப்படியே முழுசா ஒரே துண்டா எடுத்துடறேன். ஆணி மேல பல்லு படாது. வெள்ளிக்கிழம ஊர்லேந்து வந்து எடுத்துட்டுப் போயி காவேரில விட்டுடுவாங்க. மிச்சத்த நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க."

"அது மிதக்காது. கல்லு மாதிரி மணல்ல போய் உக்காந்துக்கும்."

"உக்காரட்டுமே. அதுக்குத்தானே விடுறது."

நசுருதீன் பாய் இரண்டு பேரையும் பார்த்தார். "அம்மாசி சொல்றபடியே செஞ்சிடலாம் சார். மீதி மூணரை அடி இருக்கே, அதுல காட்டுங்க உங்க வித்தைய" என்றார்.

பதினோரு வருஷத்தில் ஒரு கட்டையை எப்படித் திறப்பது என்று வேறு ஒருவர் தீர்மானித்தது அதுதான் முதல் தடவை. அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவு சின்ன மனிதன் அல்ல நான். காரணம் மரத்தில் இருந்தது. அதையும் சொல்கிறேன்.

மரத்தில் அடித்த ஆணி வருஷம் போகப் போக மேலே ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறாது. மரம் உயர்வது நுனியில் மட்டும்; உடம்பு பருக்கத்தான் செய்யும். அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே இருக்கும், மரம் அதைச் சுற்றிப் பருத்து உள்ளே வாங்கிக்கொள்ளும். உள்ளே போன இரும்பு சும்மா இருக்காது. கடுக்காய்ச் சாற்றில் இரும்புத் துருவைப் போட்டால் மை ஆகும், தெரியுமா? அந்தக் காலத்தில் அதில்தான் எழுதினார்கள். அதே துவர்ப்பு மரத்துக்குள்ளும் இருக்கிறது. ஈரம் இரும்பின் மேல் பட்டுப் பட்டு நீலக் கறுப்பாக மையாகி, குழாய்களின் வழியே மேலும் கீழும் ஓடும். காயத்தைச் சுற்றி ரேகை ஏற்கெனவே சுழன்றிருக்கும். அந்தச் சுழலின் ஒவ்வொரு மடிப்பிலும் மை இறங்கும். இதை மனிதன் வரைய முடியாது. ஆணி அடிக்கலாம், நூறு வருஷம் காத்திருக்க முடியாது. அந்தக் கட்டையில் மை இருந்தது வீங்கிய பக்கத்தில் மட்டும்தான். மீதி மூன்றரை அடி நல்ல புளி, அவ்வளவுதான். அம்மாசி காவிரி மணலுக்குள் அனுப்பப் பார்த்தது மரத்தின் ஓரத்தை அல்ல, மரத்தையே.

செவ்வாய்க்கிழமை சோதனை செய்தேன். ஏழு ஆணிகள் கிடைத்தன. எல்லாம் எட்டு அங்குல ஆழத்துக்குள். அதற்கு மேல் எட்டாவதாக ஒன்று. ஆழத்தைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரு பக்கத்திலிருந்து தேடி இடத்தைக் குறிக்க வேண்டும், பிறகு பக்கவாட்டிலிருந்து தேட வேண்டும், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பொருள் இருக்கிறது. சந்தேகம் வராமலிருக்க மெல்லிய துரப்பணத்தால் ஒரு துளை போட்டுத் தொட்டும் பார்த்தேன். கட்டைவிரல் கனத்தில் ஒரு வேல். யாரோ எந்தக் காலத்திலோ மரத்தின் கவையில் செருகிவைத்த வேலை மரம் விழுங்கியிருக்கிறது. அடியிலிருந்து ஐந்தடி இரண்டு அங்குலம். ஆழம் பத்து முதல் பன்னிரண்டு அங்குலம்.

ஏழு சிவப்பு வட்டம் போட்டேன். துரப்பணம் போட்ட துளையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன்.

அம்மாசி வட்டங்களைப் பார்த்தார், ஆழங்களைப் படித்தார். எட்டுக்கு மேல் எதுவும் இல்லை. மூன்று அங்குலம் தாராளமாக விட்டு, பதினோரு அங்குலத்தில் வெள்ளைக் கோடு போட்டார். நியாயமான கணக்கு. அவருடைய கணக்கில் எப்போதும் குறை இருந்ததில்லை.

உங்கள் அறிக்கையின் ஒன்பதாம் பக்கம் என்ன சொல்கிறது? "சோதனை செய்த திரு. வெங்கட்ராகவன் கவனக்குறைவால் எட்டாவது இரும்பைக் கண்டறியத் தவறிவிட்டார்." இந்த வரியை நான் பதினான்கு மாதமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறேன். மில்லில் ஒவ்வொருத்தனும் இதை நம்புகிறான். போன மாதம் பாய் எனக்கு ஆறுதல் சொன்னார். வயசாகிறது சார், காது கொஞ்சம் மந்தமாகியிருக்கும், டிடெக்டர் சத்தம் கேட்டிருக்காது என்றார். அதைக் கேட்டுவிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? நான் தவறவிடவில்லை. கண்டுபிடித்தேன். கால் அங்குலம் பிசகாமல் கண்டுபிடித்தேன். குறிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு.

எதற்காகக் குறிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவு அகலமான பிளேடு திருச்சியில் கிடைக்காது, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். பிளேடு அறுந்தால் பத்து நாள் வேலை நிற்கும். வெள்ளிக்கிழமை போய்விடும். பத்து நாளில் நான் பாயிடம் பேசிவிடுவேன். ஒரு பிளேடுக்கு ஒரு மரம். இதில் நியாயமில்லாதது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மெஷின் கவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பேண்ட்சாவில் பிளேடு இரண்டு பெரிய சக்கரங்களின் மேல் ஓடுகிறது. அறுக்கிறவன் நிற்கும் பக்கத்தில் கனமான இரும்புத் தகடு இருக்கிறது. பிளேடு அறுந்தாலும் அங்கே நிற்பவனுக்கு ஒன்றும் ஆகாது. எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு கவர் உண்டு. அறுந்த பிளேடு வெளியே வரப் பார்ப்பது அந்தப் பக்கமாகத்தான். புதிதாக வேலைக்கு வரும் எல்லோருக்கும் முதல் நாள் நான் சொல்லும் முதல் பாடம் அது. புளியை அறுத்த அன்று காலை எட்டு மணிக்கு அந்தக் கவரின் நாலு போல்ட்டையும் கழற்றியவன் நான்தான். கட்டையின் முண்டு ஒன்று கவரில் இடித்தது. எல்லோரும் பார்த்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. கோடாலியால் அந்த முண்டைச் செதுக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் அது நல்ல முண்டு.

பத்தரை மணிக்கு பிளேடு அறுந்தது. மீதியை நீங்கள் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் படித்திருப்பீர்கள். புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் நான்தான் கூடப் போனேன். பாலக்கரை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஜீயபுரத்திலிருந்து யாரும் வரவில்லை. ஆளைக் காவு வாங்கிய மரம், தொட மாட்டோம் என்றுவிட்டார்கள். பாய் அந்தக் கட்டை கிடந்த கொட்டகைப் பக்கமே போகவில்லை. "என்னவோ பண்ணுங்க சார், என் கண்ணுல படாம பண்ணுங்க" என்றார். புது பிளேடு வந்ததும் நானே மெஷினில் நின்றேன். கட்டுப்பாட்டை மீறினேன், ஒத்துக்கொள்கிறேன். ஏழு ஆணியையும் எட்டாவதாக இருந்த வேலையும் துளைபோட்டு எடுத்துவிட்டு, வீங்கிய பக்கத்தை நான் நினைத்தபடி திறந்தேன். ஆறு பலகைகள், இரண்டரை அங்குலக் கனம். முனைகள் வெடிக்காமலிருக்க மெழுகு பூசி, நடுவில் ரீப்பர் கட்டைகள் கொடுத்து அடுக்கியிருக்கிறேன். ஓர் அங்குலத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும். அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள், சாட்சிப் பொருளாக இருந்தாலும் வெயிலில் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது பலகையை மட்டும் ஒரு தடவை வந்து பாருங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். நீலக் கறுப்பு ஒவ்வோர் ஆணித் துளையிலிருந்தும் மேலும் கீழும் இறங்கி, சுழன்று, அடுத்ததோடு சேர்கிறது. வெள்ளத்தில் காவிரியும் கொள்ளிடமும் போடும் சுழல்களை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இது மணலுக்குள் போயிருக்க வேண்டும் என்று உங்களால் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். இதுவரை பார்த்த யாரும் சொல்லவில்லை.

சந்திரம்மாள் ஒருநாள் மில்லுக்கு வந்தாள். கூட மகள் ஜோதி. நான் பலகையைக் காட்டலாம் என்று நினைத்தேன். அவள் பலகைப் பக்கம் திரும்பவில்லை.

"வாத்தியாரய்யா, ஆணியெல்லாம் எடுத்துட்டீங்களாமே."

"எடுத்தாச்சும்மா."

"என்னோடது எது?"

ஆணிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்தேன். மூன்றில் முடி இருந்தது, மக்கவில்லை. மரம் காற்றுப் புகாமல் மூடினால் எதுவும் மக்காது. அந்த விஷயத்தில் நான் அம்மாசியிடம் சொன்னது தவறு. எது அவளுடையது என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. தெரியாது என்று சொன்னால் அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள் போல இருந்தது. முடி அதிகமாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"இதுதானா? எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்மா."

அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள். மூன்று வாரம் கழித்து ஜோதி போன் செய்தாள். "அம்மா பேசமாட்டேங்குறாங்க சார். முன்னாடி இருந்ததா அப்பா சொல்லுவாரே, அதே மாதிரி. வெறிச்சு வெறிச்சுப் பார்க்குறாங்க." பிறகு கேட்டாள்: "அது வேற யாரோட ஆணியும் இல்லையே சார்?"

இல்லை என்றேன். புருஷன் இறந்த துக்கம்மா, துக்கத்துக்குக் காரணம் மனிதர்கள் இறப்பது, ஆணிகள் அல்ல என்று விளக்கினேன். நல்ல பெண். நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

உங்கள் முன்னால் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்துங்கள், இதே வரிசையில் இதையே சொல்கிறேன். எனக்கு வருத்தமா என்று அவர் கேட்பார். அம்மாசி இல்லாமல் மில்லில் வேலை சரியில்லை. இப்போது அறுக்கிற பிரவீன்ராஜுக்குக் கோட்டின் மேல் கண் நிற்பதில்லை. அந்த அளவில் வருத்தம்தான். ஆனால் அதே கட்டை நாளைக்கு அதே டிரெய்லரில் வந்து இறங்கினால் நான் ஏழு வட்டம்தான் போடுவேன்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு திருத்தம் என்னுடையதிலும் இருக்கிறது. பிளேடு மட்டும் அறுந்தால் போதும் என்று நினைத்ததாக மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். நீங்களே யோசித்திருப்பீர்கள்: தகட்டுக்குப் பின்னால் நின்று அறுத்த மனிதர் எதிர்ப்பக்கத்துக்கு எப்படி வந்தார் என்று. உங்கள் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பத்து நாளில் புது பிளேடு வந்திருக்கும், அம்மாசியும் இருந்திருப்பார். அதே பக்கத்தை அதே மாதிரி முழுசாக எடுத்திருப்பார். பாய் மறுபடியும் அவர் பக்கம்தான் பேசியிருப்பார்.

புளியில் பிளேடு நிமிஷத்துக்கு ஓரடிதான் போகும். மெஷின் தானாக நகரும். அறுக்கிறவன் பக்கத்திலேயே நடந்து வருவான். பிளேடு கடந்துபோன வெட்டு மறுபடியும் மூடிக்கொள்ளாமலிருக்க நான் பின்னால் ஆப்பு அடித்துக்கொண்டு வந்தேன். தண்டவாளத்தில் அடிக்கணக்கு எழுதியிருக்கிறது. நாலாவது அடி தாண்டியதும் சுத்தியலைக் கீழே வைத்தேன். எதிர்ப்பக்கம் போய், கவர் இல்லாத சக்கரத்துக்கு நேராக நின்றேன்.

"அம்மாசி, கோடு விலகுது, வந்து பாருங்க" என்றேன்.

அவர் கோட்டைப் பார்க்கவில்லை. நான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். மெஷினை நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை, சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "அங்க நிக்காதீங்க வாத்தியாரே, கவர் இல்லல்ல" என்று கத்திக்கொண்டே வந்து, என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். தள்ளியவர் நான் நின்ற இடத்தில் நின்றார். நான் இன்னும் இரண்டடி நகர்ந்தேன். கோடு விலகுவதாகச் சொன்னேன் அல்லவா, அவர் குனிந்து பார்த்தார். பிளேடு ஐந்தடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தன் உடம்புக்கு ஆபத்து என்றால் அம்மாசி அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டார். கோட்டைப் பார்க்கக்கூட வந்திருக்க மாட்டார், மெஷினை நிறுத்திவிட்டுத்தான் வந்திருப்பார். வேறொருவன் அங்கே நிற்கிறான் என்றால் யோசிக்காமல் வருவார். பதினோரு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எனக்கு அது தெரியும். அதனால்தான் அங்கே போய் நின்றேன்.